விழாத கோல்கள்

மே மாதத்தோடு இங்கிலாந்தில் கால்பந்து சீசன் முடிந்துவிடும். பிறகு ஆகஸ்ட் பாதி வரை பந்து உருளாது. ஆட்டக்காரர்கள் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்விடுவார்கள். ரசிகனுக்குத்தான் ஓய்வில்லை. யாரை விற்கலாம், யாரை வாங்கலாம், யாரை இன்னும் ஒரு வருடம் பொறுத்துக்கொள்ளலாம் என்று மனத்துக்குள் ஒரு அணியைக் கட்டுவதும் கலைப்பதுமாகவே கோடை போய்விடும். கழக முதலாளிக்கு இருக்கும் கவலையெல்லாம் அவனுக்கும் உண்டு, கையில் காசு மட்டும் கிடையாது.

யார் வந்தால் கோல் அடிப்பான் என்று யோசிப்பது சுகமான வேலை. யார் வந்தால் கோல் விழாது என்பது அப்படியல்ல. முன்களக்காரனுக்குச் சாட்சியாக அவன் அடித்த கோல்கள் இருக்கின்றன; மூன்று நிமிடக் காணொளி ஒன்றைப் பார்த்தாலே ஆசை வந்துவிடும். தடுப்பாட்டக்காரனின் நல்ல நாளில் ஒன்றுமே நடந்திருக்காது. எதிரணிக்காரன் பந்தை அந்தப் பக்கம் தள்ள நினைத்து, இவன் நிற்பதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பியிருப்பான். அதை யார் படம்பிடித்து, யார் வெட்டி ஒட்டி, பின்னணி இசை சேர்ப்பார்கள்? ஏரிக்கரை உடைந்த வருடத்தை ஊரே நினைவில் வைத்திருக்கும். கரை நின்ற வருடங்களுக்குப் பெயர் இல்லை.

நான் லிவர்பூல் ரசிகன். தடுப்பாட்டத்தைப் பற்றி யோசிப்பதற்கு இதைவிடத் தோதான அணி வேறு கிடையாது என்பது என் எண்ணம். 2014 கோடையில் இந்தக் கழகம் தடுப்பாட்டத்துக்கு ஆள் வாங்கியது, பயனில்லை. 2017 கோடையில் நடுத் தடுப்பாட்டத்துக்கு வேண்டிய ஆள் கிடைக்காமல் வாங்காமலே விட்டது, அது சரியாக அமைந்தது. 2020 கோடையிலும் அந்த இடத்துக்கு வாங்காமல் விட்டது, அணி குலைந்தது. வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வியே தவறோ என்று இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது தோன்றுகிறது.

2013-14 சீசனில் பிரெண்டன் ராஜர்ஸின் லிவர்பூல் 38 லீக் ஆட்டங்களில் 101 கோல் அடித்தது. சுவாரெஸ், ஸ்டரிட்ஜ், ஸ்டெர்லிங் மூவரும் முன்னால் ஓடினால் எதிரணி கதிகலங்கும். வாங்கிய கோல்கள் 50. பட்டம் 2 புள்ளியில் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனது. ஸ்லோவாக்கியாக்காரரான மார்ட்டின் ஸ்கர்டல் நடுத் தடுப்பாட்டத்தில் நின்றார். அந்த லீக் சீசனில் எதிரணி வலையில் 7 கோல் போட்டார், சொந்த வலையில் 4. அந்த அணியை இதைவிடச் சுருக்கமாக விவரிக்க முடியாது. மே 5 அன்று கிறிஸ்டல் பேலஸுக்கு எதிராக மூன்று கோல் முன்னிலை இருந்தது. கோல் வித்தியாசத்தில் சிட்டியை எட்டிவிடலாம் என்று இன்னும் இன்னும் முன்னால் போனார்கள். கடைசிப் பத்துப் பதினோரு நிமிடங்களில் மூன்று கோல் விழுந்தது. ஆட்டம் முடிந்ததும் சுவாரெஸ் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அந்தக் கோடையில் சுவாரெஸ் பார்சிலோனாவுக்குப் போனார். வந்த பணத்தில் ஒரு பகுதி தடுப்பாட்டத்துக்கு என்பது எல்லோருக்கும் நியாயமாகப்பட்டது. சவுத்தாம்ப்டனிலிருந்து டெயான் லோவ்ரன் 2 கோடி பவுண்டுக்கு வந்தார். செவில்லாவிலிருந்து லெஃப்ட் பேக் ஆல்பெர்ட்டோ மொரேனோ வந்தார். அடுத்த சீசனில் விழுந்த கோல்கள் 48. அத்தனை செலவுக்கும் இரண்டு கோல் குறைந்தது. ஸ்டீவன் ஜெரார்டு லிவர்பூலுக்காக ஆடிய கடைசி ஆட்டத்தில், 2015 மே 24 அன்று, ஸ்டோக் சிட்டி ஆறு கோல் போட்டது. அவற்றில் ஐந்து இடைவேளைக்கு முன்பே விழுந்தன.

லோவ்ரன் மோசமான ஆட்டக்காரர் அல்ல. சவுத்தாம்ப்டனில் அவருக்கு முன்னால் ஒழுங்கான நடுக்களம் இருந்தது, பக்கத்தில் நிற்க ஆள் இருந்தார், வேலையும் தெளிவாக இருந்தது. இங்கே இரண்டு பேக்குகளும் மேலே ஓடிவிட, நடுக்களத்தில் பந்து பறிபோன மறுகணம் அரைத் திடல் அகலத்துக்கு அவர் ஒருவராகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆளை வாங்கினார்கள், அவர் நின்ற இடத்தை வாங்க முடியவில்லை. வாங்குகிற கழகங்கள் மறுபடி மறுபடி சறுக்கும் இடம் இது. முன்களக்காரன் ஓரளவு தன் திறமையைத் தன்னோடு எடுத்து வருகிறான். தடுப்பாட்டக்காரனின் திறமையில் பாதி பக்கத்தில் நிற்பவனிடம் இருக்கிறது.

இதற்கிடையில் ஒரு சங்கதி. 2013 கோடையில் ஹாலந்தின் குரோனிங்கன் கழகத்திலிருந்து 21 வயதுப் பையன் ஒருவனை ஸ்காட்லாந்தின் செல்டிக் சுமார் 26 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பிரேடா ஊர்க்காரன், பதின்வயதில் அங்கே ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவியவன். 2015-ல் சவுத்தாம்ப்டன் அவனை 1.3 கோடிக்கு வாங்கியபோதும் பெரிய கழகங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அதே கோடையில் லிவர்பூல் 3 கோடிக்கு மேல் கொடுத்து பென்டெக்கே என்ற முன்களக்காரரை வாங்கியது. பையனின் பெயர் வர்ஜில் வான் டைக்.

2017-க்கு வருகிறேன். யூர்கன் க்ளாப் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அணி நாலாவது இடம் பிடித்து சாம்பியன்ஸ் லீகுக்குத் திரும்பியிருந்தது. விழுந்த கோல்கள் 42. வான் டைக்கைத்தான் க்ளாப் கேட்டார். முறைப்படி அனுமதி வாங்காமல் லிவர்பூல் ஆட்டக்காரரை அணுகிவிட்டது என்று சவுத்தாம்ப்டன் புகாரைக் கையில் எடுத்தது. ஜூன் 7 அன்று லிவர்பூல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. இனி அவர்மேல் நாட்டமில்லை என்றும் அறிவித்தது. ஐந்து முறை ஐரோப்பியக் கோப்பை வென்ற கழகம், வேண்டிய ஆளைக் கேட்கப்போன இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு திரும்பியது. எங்களுக்கு அது பொறுக்கவில்லை.

சரி, இவர் இல்லையென்றால் அடுத்தவர் யார்? எந்த ரசிகனும் கேட்கும் கேள்வி இது. ஒவ்வொரு நாளும் ஒரு பெயர் அடிபட்டது. வான் டைக்குக்குப் பதிலாக க்ளாப் யாரையும் வாங்கவில்லை. நினைத்த ஆள் கிடைக்காதபோது அவருக்குக் கொஞ்சம் கீழே இருப்பவரை வாங்கினால், நாளை அந்த ஆள் கிடைக்கும்போது இடமும் இருக்காது, பணமும் இருக்காது என்பது கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆகஸ்டில் ஆட்டம் தொடங்கும்வரை.

முதல் ஆட்டத்தில் வாட்ஃபோர்டு 3-3 என்று சமன் செய்தது. கடைசிக் கோல் காயநேரத்தில், கார்னரிலிருந்து விழுந்தது. முதல் கோலும் கார்னரிலிருந்துதான். செப்டம்பர் 9 அன்று மான்செஸ்டர் சிட்டி ஐந்து போட்டது. சாடியோ மானே சிவப்பட்டை வாங்கி வெளியேறியிருந்தார் என்பது ஒரு சமாதானம். அக்டோபர் 22 அன்று வெம்ப்ளியில் டாட்டன்ஹாம் 12 நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டுவிட்டது. 31-ஆம் நிமிடத்தில் க்ளாப் லோவ்ரனை வெளியே அழைத்துவிட்டார். காயம் எதுவும் இல்லை. இடைவேளைக்கு முன்னால் ஒரு தடுப்பாட்டக்காரரை இப்படி எடுப்பது ஊரறிய அவமானம். பெஞ்சில் போய் உட்கார்ந்த அவர் முகத்தைக் காமிரா விடாமல் காட்டியது. பார்க்கப் பாவமாக இருந்தது. ஆட்டம் 4-1 என்று முடிந்தது. நவம்பரில் செவில்லாவில் 3-0 முன்னிலை 3-3 ஆனது. அதிலும் கடைசிக் கோல் காயநேரத்துக் கார்னர்.

இந்தியாவில் அந்த ஆட்டம் நடுராத்திரிக்கு மேல் ஓடியது. 3-0 ஆனதும் நிம்மதியாகத் தூங்கப்போனவர்கள் பாக்கியவான்கள்.

வாங்காமல் இருந்தது சரி என்று அன்று சொல்லியிருந்தால் என்னை அடிக்க வந்திருப்பார்கள். ஆனால் அந்த மாதங்களில், யாரும் கவனிக்காமல், தடுப்பாட்டத்தின் பாதி கட்டிமுடிக்கப்பட்டுவிட்டது. ஜூலையில், தரமிறங்கிப்போன ஹல் சிட்டியிலிருந்து ஆண்டி ராபர்ட்சன் 80 லட்சம் பவுண்டுக்கு வந்திருந்தார். பையனாக இருந்தபோது உடம்பு போதாது என்று செல்டிக் கழித்துவிட்ட ஆள். குவீன்ஸ் பார்க்கில் சம்பளமில்லாமல் ஆடியவர். ரசிகர்கள் பட்டியலில் அவர் பெயர் எங்கும் இருந்ததாக நினைவில்லை. டிசம்பரில் மொரேனோ காயமடைந்ததும் உள்ளே வந்தவர், பிறகு பல வருடம் அந்த இடத்தை யாருக்கும் விடவில்லை. வலப்பக்கத்தில் நத்தானியல் க்ளைன் முதுகுவலியால் படுத்துவிட, ஆறு வயதிலிருந்து கழகத்தின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த உள்ளூர்ப் பையன் டிரென்ட் அலெக்ஸாண்டர்-ஆர்னால்டுக்கு வாய்ப்பு வந்தது. அவருக்கு அப்போது 18 வயது. சார்ல்டனிலிருந்து 35 லட்சத்துக்கு வாங்கிய ஜோ கோமஸ், ஷால்க்கேயிலிருந்து ஒப்பந்தம் முடிந்து இலவசமாக வந்த ஜோயல் மாட்டிப் இருவரும் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். நாங்கள் ஒரு பெரிய பெயருக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். அதற்குள் சின்னப் பெயர்கள் தங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

அந்தப் பெரிய பெயரும் டிசம்பர் 27 அன்று வந்தது. விலை 7.5 கோடி பவுண்டு. அதுவரை உலகில் எந்தத் தடுப்பாட்டக்காரருக்கும் கொடுக்கப்படாத தொகை. பைத்தியக்காரத்தனம் என்று எழுதாத பத்திரிகை குறைவு. அடுத்த சில நாளில் லிவர்பூலின் கூட்டின்யோவை இன்னும் பெரிய விலைக்கு பார்சிலோனா வாங்கிக்கொண்டது. ஜனவரி 5 அன்று, எவர்ட்டனுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே, 84-ஆம் நிமிடத்தில் ஒரு கார்னரைத் தலையால் முட்டி வெற்றிக் கோலை வான் டைக் போட்டார். செய்தித்தாள்களுக்கு அது வசதியாகப் போனது. எனக்கு மட்டும், அவரை வாங்கியது அதற்கல்லவே என்று தோன்றியது.

எதற்கு வாங்கினார்கள் என்பது தெரிந்தது 2019 மார்ச் 31 அன்று. ஆன்ஃபீல்டில் டாட்டன்ஹாம். ஆட்டம் 1-1. 85-ஆம் நிமிடம். லிவர்பூல் கோல் தேடி மேலே போயிருக்க, பந்து பறிபோகிறது. மூசா சிசோகோ பந்தோடு ஓடி வருகிறார், கூடவே சோன் ஹியூங்-மின். எதிரில் வான் டைக் ஒருவர்தான். சிசோகோவை நோக்கிப் போனால் பந்து சோனுக்குப் போகும். சோன் தவறவிடுகிற ஆள் இல்லை. சோன் பக்கம் சாய்ந்தால் சிசோகோவுக்கு வழி திறந்துவிடும். வான் டைக் இரண்டும் செய்யவில்லை. பின்னோக்கி ஓடிக்கொண்டே இருவருக்கும் நடுவில் நின்றார். பந்து சோனுக்குப் போகும் பாதையை உடம்பால் மறைத்தார். சிசோகோ வலதுகால் ஆட்டக்காரர். பந்து அவருடைய இடதுகாலுக்கு வரும்வரை வான் டைக் காத்திருந்தார். காத்திருந்தார் என்று எழுத ஒரு நொடி ஆகிறது, அங்கே அவருக்கு அவ்வளவு நேரம்கூட இல்லை. இனி கொடுக்க வழியில்லை என்றான பிறகு சிசோகோ இடதுகாலால் அடித்தார். பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. வான் டைக் பந்தைத் தொடவே இல்லை. ஐந்து நிமிடம் கழித்து ஆல்டர்வீரெல்ட்டின் சொந்த கோலில் லிவர்பூல் ஜெயித்தது.

ஆட்டப் புள்ளிவிவரத்தில் அந்த நிமிடத்துக்கு எதிரே என்ன இருக்கும்? டாட்டன்ஹாம், ஒரு அடி, குறி தவறியது. வான் டைக் பெயரில் ஒன்றுமில்லை. பறிப்பு இல்லை, இடைமறிப்பு இல்லை.

இந்த இடத்தில் எனக்கு ஜாப் ஸ்டாம் என்ற தடுப்பாட்டக்காரர் நினைவுக்கு வருவார். 2001 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் அவரை லாட்சியோவுக்கு விற்றது. அவர் எழுதிய புத்தகத்தில் மேலாளர் ஃபெர்குசனைப் பற்றிச் சொன்னவை காரணம் என்றார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் அவர் பந்தைப் பறிக்கும் எண்ணிக்கை குறைந்துவருவதாகக் கணக்கு காட்டியதும் ஒரு காரணம் என்று பின்னாளில் பேசப்பட்டது. பதிலுக்கு வந்தவர் 35 வயது லோரான் பிளாங்க். முந்தைய சீசனில் 31 கோல் வாங்கிய யுனைடெட் அந்த சீசனில் 45 வாங்கி மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. ஸ்டாமை விற்றது தப்பு என்று ஃபெர்குசனே பிற்பாடு ஒத்துக்கொண்டார். பறிப்பு குறைவது கால் தளர்வதன் அடையாளமாகவும் இருக்கலாம், நிற்கும் இடம் சரியாகிவிட்டதன் அடையாளமாகவும் இருக்கலாம். எண் இரண்டையும் ஒன்றாகத்தான் காட்டும். வான் டைக்கை வாங்கிய காலத்தில் லிவர்பூலின் தரவுப் பிரிவை நடத்தியவர் இயன் கிரஹாம், இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய வேல்ஸ்காரர். தடுப்பாட்டத்தை அளப்பது கடினம் என்று தெரிந்துகொண்டு அளக்கிறவருக்கும், எண்ணைப் பார்த்தவுடன் முடிவெடுக்கிறவருக்கும் இடையில் பெரிய தூரம் உண்டு.

2019-ல் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் டோர் வாக்கெடுப்பில் மெஸ்ஸி 686 புள்ளி, வான் டைக் 679. ஒன்றும் நடக்கவிடாத ஒருவர் அத்தனை அருகில் போனதே எனக்குப் போதும்.

கதையை வான் டைக்கோடு முடித்துவிடுவதுதான் எல்லோருக்கும் பழக்கம். அது பாதி உண்மை. அவர் வந்த சீசனில் லிவர்பூல் வாங்கிய லீக் கோல்கள் 38. அடுத்த சீசனில் 22, லீகிலேயே குறைவு. அந்த 16 கோல் வித்தியாசம் 2018 கோடையில் உண்டானது. மே 26 அன்று கீவ் நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. கோல்கீப்பர் லோரிஸ் கரியுஸ் உருட்டிவிட்ட பந்து எதிரணி முன்களக்காரர் பென்சிமாவின் காலில் பட்டு வலைக்குள் போனது. பிற்பாடு பேல் தூரத்திலிருந்து அடித்தது அவர் கையில் பட்டு உள்ளே விழுந்தது. ஆட்டத்தில் தலையில் அடிபட்டிருந்ததாகப் பின்னால் மருத்துவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்பதற்குள் உலகம் சிரித்து முடித்திருந்தது. இரண்டே நாளில் மொனாக்கோவிலிருந்து ஃபாபின்யோ வாங்கப்பட்டார். தடுப்பாட்ட வரிசைக்கு முன்னால் நிற்கும் நடுக்களக்காரர். ஜூலையில் ரோமாவிலிருந்து கோல்கீப்பர் அலிசன் வந்தார், 6 கோடிக்கு மேல் விலை. பின்னால் ஒருவர், முன்னால் ஒருவர். நடுவில் நின்ற நால்வரும் பழைய ஆட்கள்தான்.

அலிசனின் விலையை ஒரே ஆட்டம் சமன் செய்தது. 2018 டிசம்பர் 11, நாப்போலிக்கு எதிராக 1-0. ஒரு கோல் விழுந்தால் லிவர்பூல் சாம்பியன்ஸ் லீகை விட்டு வெளியே. காயநேரத்தில் மிலிக் ஆறு கஜத்தில் தனியாக நிற்கிறார், பந்து காலில். அலிசன் பாய்ந்து விழவில்லை. முன்னால் வந்து உடம்பை அகட்டி நின்றார். பந்து அவர்மேல் பட்டுத் திரும்பியது. அந்த சீசனில் கோப்பை வென்ற அணி அன்று வீட்டுக்குப் போயிருக்க வேண்டியது.

அதே 2018 கோடையில் தாமஸ் குரோன்னமார்க் என்ற டென்மார்க்காரரைக் கூப்பிட்டு, எல்லைக்கோட்டிலிருந்து பந்தை எறிவது எப்படி என்று கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். பலர் சிரித்தார்கள். ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை பந்து வெளியே போகிறது, எறிந்த பந்து எத்தனை முறை எதிரணியிடம் போய்ச் சேருகிறது என்று எண்ணிப் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. சொந்தப் பாதியில் பந்தைத் தொலைக்காமல் இருப்பதும் தடுப்பாட்டம்தான். கோடைப் பட்டியலில் இப்படி ஒரு வாத்தியாரை எந்த ரசிகனும் எழுதியதில்லை, நானும் எழுதியதில்லை.

2020 வேறு கதை. முப்பது வருடம் கழித்து லீக் பட்டம் வந்திருந்தது, காலித் திடலில். கொரோனாவால் வருமானம் சுருங்கியிருந்தது. ஜூலையில் லோவ்ரன் ரஷ்யாவின் ஜெனிட்டுக்கு விற்கப்பட்டார். அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. இருந்த பணம் நடுக்களத்துக்குத் தியாகோ, முன்களத்துக்கு ஜோட்டா, மாற்று லெஃப்ட் பேக்காகச் சிமிகாஸ் என்று போனது. ஜோட்டாவைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது. அவர் அந்தப் பணத்துக்கு மேலேயே கொடுத்தார். ஆனால் நடுத் தடுப்பாட்டத்தில் எஞ்சியவர்கள் மூவர். வான் டைக், அடிக்கடி காயமடையும் கோமஸ், அவரைவிட அடிக்கடி காயமடையும் மாட்டிப். நாலாவதாக அவசரத்துக்கு ஃபாபின்யோ நிற்பார் என்று சொல்லிக்கொண்டார்கள். 2018 கோடையில் எந்த வேலைக்காக ஃபாபின்யோவை வாங்கினார்களோ, அதிலிருந்து அவரைப் பெயர்த்தெடுத்தால் முன்னால் ஒரு ஓட்டை விழும். அதை யோசித்ததாகத் தெரியவில்லை.

2017-ல் வாங்காமல் இருந்ததும் 2020-ல் வாங்காமல் இருந்ததும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். முதலாவதில் யார் வேண்டும் என்று தெரிந்திருந்தது, அவருக்காகப் பணமும் இடமும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். இரண்டாவதில் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. யாருக்கும் அடிபடாது என்று நம்பினார்கள், அவ்வளவுதான். ரசிகர்களும் நம்பினோம். பட்டம் வென்ற கோடையில் கரையைப் போய்ப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

அக்டோபர் 4 அன்று ஆஸ்டன் வில்லா ஏழு கோல் போட்டது. அதை ஒரு நாள் கூத்து என்று தள்ளிவிடலாம். அக்டோபர் 17 அன்று கூடிசன் பார்க்கில் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் எவர்ட்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்டு பாய்ந்து விழுந்ததில் வான் டைக்கின் முழங்கால் தசைநார் போனது. சீசன் முடிந்தது அவருக்கு. நவம்பரில் இங்கிலாந்துப் பயிற்சி முகாமில், யாரும் மோதாமலே, கோமஸ் விழுந்தார். ஜனவரி கடைசியில் மாட்டிப்பும் போனார். ஃபாபின்யோ பின்னால் இறங்கினார், அவருக்கும் காயம். கேப்டன் ஹெண்டர்சன் இறங்கினார், அவரும் காயம். கிறிஸ்துமஸுக்கு லீகில் முதலிடத்தில் இருந்த அணி, 68 லீக் ஆட்டங்களாகச் சொந்தத் திடலில் தோற்காத அணி, அதே திடலில் தொடர்ந்து ஆறு லீக் ஆட்டம் தோற்றது. அந்த ஆறில் பெரும்பாலானவற்றில் கோலே அடிக்க முடியவில்லை. பின்னால் போனவர்கள் நடுக்களத்துக்காரர்கள் என்பதால் முன்னால் பந்து கொண்டுபோக ஆளில்லை. தடுப்பாட்டத்தில் ஒரு ஆள் குறைந்ததன் விலையைக் கோல் அடிக்கும் இடத்தில் கட்டினார்கள்.

ஜனவரிப் பரிமாற்றக் காலத்தின் கடைசி நாளில் பதறிப்போய் இரண்டு பேரைப் பிடித்தார்கள். ஷால்க்கேயிலிருந்து ஓசான் கபாக் கடனாக வந்தார். இரண்டாம் நிலை லீகில் ஆடிய பிரெஸ்டனிலிருந்து பென் டேவிஸ் வந்தார். டேவிஸ் லிவர்பூலுக்காக ஒரு போட்டி ஆட்டத்தில்கூட இறங்கியதில்லை. யாரையாவது வாங்குங்கள் என்று நாம் கத்தும்போது நமக்குக் கிடைப்பது இதுதான்.

கடைசியில் கரையேற்றியவர்கள் நாட் ஃபிலிப்ஸும் ரீஸ் வில்லியம்ஸும். ஃபிலிப்ஸ் கழகம் விற்றுவிட நினைத்த ஆள். வில்லியம்ஸ் முந்தைய சீசனில் ஆறாம் நிலை லீகில், கிடர்மின்ஸ்டரில் கடனுக்கு ஆடியவர். ஃபாபின்யோவை மறுபடி அவருடைய இடத்தில் நிறுத்திவிட்டு, இந்த இருவரையும் பின்னால் வைத்தார் க்ளாப். ஃபிலிப்ஸுக்கு வேகம் கிடையாது. உயரே வரும் எந்தப் பந்தையும் தலையால் முட்டித் தள்ளுவார், அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது. வெஸ்ட் பிராமுக்கு எதிராக 95-ஆம் நிமிடத்தில் அலிசனே மேலே ஓடிப்போய்த் தலையால் முட்டி வெற்றிக் கோல் போட்டார். மே 23 அன்று அணி மூன்றாம் இடத்தில் முடிந்தது. ஐந்து நாள் கழித்து லைப்சிக்கிலிருந்து இப்ராஹிமா கோனாட்டே 3.6 கோடி பவுண்டுக்கு வருவதாக அறிவித்தார்கள். 2020 கோடையில் செய்திருக்க வேண்டிய வேலை.

இந்த வரலாறெல்லாம் தெரிந்த பிறகு, கோடையில் ஒரு ரசிகன் எப்படி யோசிக்க வேண்டும்? பெயரிலிருந்து தொடங்கக் கூடாது என்பது என் கட்சி. போன சீசனில் விழுந்த கோல்களை உட்கார்ந்து திரும்பப் பார்க்க வேண்டும். அது சித்திரவதை, ஆனாலும் செய்ய வேண்டும். கார்னரில் விழுந்ததா, நடுக்களத்தில் பந்தைத் தொலைத்து விழுந்ததா, பேக் மேலே போன சந்துக்குள் விழுந்ததா, கீப்பர் விட்டதா என்று பிரித்தால், தேவைப்படுவது நாம் நினைத்த ஆளாக இருக்காது என்பது பல சமயம் தெரிந்துவிடும். அடுத்தபடி, இருப்பவர்களில் எத்தனை பேர் போன சீசனில் எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்று பார்க்க வேண்டும். பாதி ஆட்டம் ஆடுபவர் இருவர் சேர்ந்தால் ஒரு முழு ஆள் ஆகாது. இருவரும் ஒரே வாரத்தில் படுப்பார்கள். இரண்டையும் முடித்த பிறகு பெயர்களுக்கு வரலாம். அப்போது பட்டியல் சின்னதாகிவிடும், கோடையின் சுவாரசியமும் குறைந்துவிடும். அதனால்தான் யாரும் இப்படி யோசிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

கழகங்களும் யோசிப்பதில்லை. 2025 மே மாதம் சீசன் முடிந்தபோது லிவர்பூல் மறுபடி லீக் பட்டம் வென்றிருந்தது. அந்தக் கோடையில் 40 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்தார்கள். விர்ட்ஸ், இசாக் என்று பெரும்பணம் முன்பக்கத்துக்குப் போனது. டிரென்ட் ரியல் மாட்ரிட் போய்விட, பேக் இடங்களுக்கு ஃபிரிம்பாங்கும் கெர்கெஸும் வந்தார்கள். நடுத் தடுப்பாட்டத்தில் இருந்த ஜாரெல் குவான்சாவை லெவர்குசனுக்கு விற்றார்கள். பதிலுக்கு பார்மாவிலிருந்து ஜியோவானி லியோனி என்ற 18 வயதுப் பையனை வாங்கினார்கள். கிறிஸ்டல் பேலஸின் மார்க் கேஹியை வாங்குவதைக் கடைசி நாளான செப்டம்பர் 1 வரை தள்ளினார்கள். விலை பேசி முடிந்து, மருத்துவப் பரிசோதனையும் நடந்த பிறகு, தனக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை என்று பேலஸ் பின்வாங்கியது. செப்டம்பர் 23 அன்று லியோனி தன் முதல் ஆட்டத்தில் இறங்கினார். முழங்கால் தசைநார் கிழிந்து, சீசன் அன்றே முடிந்தது. மிச்சமிருந்தவர்கள் கோனாட்டே, கோமஸ், 34 வயது வான் டைக். 2020-ல் இருந்த அதே மூன்று பேர் கணக்கு. இதை விதி என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஜூலையில் கேஹியை வாங்கியிருக்கலாம்.